லார்ஸ் உல்ரிக்கின் ரெக்கார்டு பித்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லார்ஸ் உல்ரிக், அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் டிரம்மர். அவர் ரெக்கார்டு சேர்த்ததைப் பற்றித் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பொதுவாக ஒரு இசைக்கலைஞர் பெயர் வாங்கி, கையில் காசு புரண்ட பிறகுதான் பழைய இசைத்தட்டுகளை வாங்கி அடுக்குவார். லார்ஸ் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். முதலில் ரெக்கார்டுகள் சேர்ந்தன. அந்த ரெக்கார்டுகளிலிருந்துதான் குழுவே வந்தது. அவருடைய டிரம்ஸ் வாசிப்பைக் குறை சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. அவருடைய காதைக் குறை சொல்ல எனக்குத் தெரிந்து யாருமில்லை. எந்தப் பாட்டு நிற்கும், எது போகும் என்பதைப் பதினாறு பதினேழு வயதிலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டவர். அந்தப் பாடத்தை ரெக்கார்டு கடையில்தான் படித்தார்.

இந்தப் பித்து எங்கே தொடங்கியது?

டென்மார்க்கில். 1963-இல் கோபன்ஹேகனை ஒட்டிய கென்டோஃப்டேயில் பிறந்தவர். அப்பா டோர்பன் உல்ரிக் டென்னிஸ் வீரர். கூடவே ஜாஸ் வாசிப்பார், ஜாஸ் பற்றி எழுதுவார். புகழ்பெற்ற சாக்ஸஃபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் லார்ஸுக்கு ஞானத்தந்தை. ஆக, வீட்டில் ரெக்கார்டு ஓடாத நாள் இருந்திருக்காது.

1973-இல், ஒன்பது வயதில், கோபன்ஹேகனில் டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரிக்கு அப்பா கூட்டிப்போனார். அடுத்த நாளே அவர்களுடைய ‘ஃபயர்பால்’ எல்.பி. (முழு ஆல்பத் தட்டு) கைக்கு வந்துவிட்டது. 2016-இல் டீப் பர்ப்பிளை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது மேடையேறி அறிமுக உரை நிகழ்த்தியவரும் இதே லார்ஸ்தான்.

எந்த மாதிரி ரெக்கார்டுகளைத் தேடினார்?

1979 முதல் 1982 வரை பிரிட்டனில் ஒரு அலை அடித்தது. ‘சவுண்ட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை அதற்கு ‘நியூ வேவ் ஆஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல்’ என்று நீளமாகப் பெயர் சூட்டியது. பெரிய கம்பெனிகள் பங்க் பக்கமும் அதற்கு அடுத்து வந்தவற்றின் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தொழில் நகரங்களின் பையன்கள் சொந்தக் காசில் ரெக்கார்டு போட்டார்கள். டெஃப் லெப்பர்ட் 1979-இல் தங்கள் முதல் ஈ.பி.யை (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு தட்டு) ஆயிரம் பிரதி அடித்தது. அயர்ன் மெய்டன் அதே ஆண்டு நவம்பரில் ‘தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ ஈ.பி.யை ஐயாயிரம் பிரதி அடித்துத் தபாலில் விற்றது. நியூகாசில் பக்கம் நீட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன லேபிள் (ரெக்கார்டு கம்பெனி) டைகர்ஸ் ஆஃப் பான் டாங், ரேவன், வெனம் போன்றவர்களை வெளியே கொண்டுவந்தது.

பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட ஏழு அங்குல சிங்கிள்கள். ஒருமுறை அடிப்பார்கள், விற்றுத் தீரும், அவ்வளவுதான். மறு அச்சு வந்தால் அதிர்ஷ்டம். ரேடியோ அமெரிக்கப் பக்கம் இதையெல்லாம் போடவில்லை. அதனால் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் தட்டு கையில் இருக்க வேண்டும். இன்று விரல் நுனியில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் சேகரிப்பவருக்கும் அன்று சேகரித்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவருக்கு அது கேட்பதற்கு இருந்த ஒரே வழி.

1980-இல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்ததே, அங்கே இவை கிடைத்தனவா?

சொற்பம். டென்னிஸ் பயிற்சிக்காக நியூபோர்ட் பீச்சுக்குப் போனார்கள். டென்னிஸ் கைகூடவில்லை, ரெக்கார்டு தேடல் கைகூடியது. அங்கே அவருக்கு வாய்த்த கூட்டாளிகள் இருவர். ஜான் கோர்னரன்ஸ், மைக்கேல் ஷென்கர் குழுவின் கச்சேரியில் அறிமுகமானவர். அன்று லார்ஸ் போட்டிருந்த சாக்சன் குழுவின் டி-ஷர்ட்டைப் பார்த்துத்தான் அவர் ஓடிப்போய்ப் பேசினாராம். இன்னொருவர் பிரையன் ஸ்லேகல், ஓஸ் ரெக்கார்ட்ஸ் என்ற கடையில் வேலை பார்த்தபடி இறக்குமதி மெட்டலை வரவழைத்துக்கொண்டிருந்தவர்; பிறகு மெட்டல் பிளேட் ரெக்கார்ட்ஸ் லேபிளைத் தொடங்கினார்.

மூவரும் காரில் கடை கடையாக அலைவார்கள். ஸ்லேகல் பேட்டிகளில் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அவர் கார் எஞ்சினை அணைப்பதற்குள் லார்ஸ் கடைக்குள் புகுந்து மெட்டல் பெட்டியைக் கிளறிக்கொண்டிருப்பாராம். கடையில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், மூன்று பேருக்கும் அது வேண்டும். நண்பர்கள்தான், ஆனால் ரெக்கார்டு பெட்டி முன்னால் நட்பு இரண்டாம்பட்சம். சேகரிப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதை மறுக்க மாட்டார்கள்.

டயமண்ட் ஹெட்டின் வெள்ளை உறை ரெக்கார்டு என்று சொல்கிறார்களே, அது என்ன கதை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டயமண்ட் ஹெட் இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரின் குழு. 1980-இல் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டு, பெரிய கம்பெனி யாரும் வாங்காததால் தாங்களே வெளியிட்டார்கள். ஆயிரம் பிரதி. அட்டையில் படம் இல்லை, பெயர் இல்லை, பாடல் பட்டியல் இல்லை. வெறும் வெள்ளை உறை. அதன்மேல் குழுவில் யாராவது ஒருவர் பேனாவால் கையெழுத்துப் போட்டிருப்பார். கச்சேரிகளில் விற்றார்கள், ‘சவுண்ட்ஸ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மூன்றரை பவுண்டுக்குத் தபாலிலும் விற்றார்கள். ‘லைட்னிங் டு தி நேஷன்ஸ்’ என்ற பெயரெல்லாம் பின்னால் நிலைத்தது. இது சிக்கனத்தின் விளைவு. கலைநயம் என்று பின்னால் வந்தவர்கள்தான் வியாக்கியானம் சொன்னார்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து பணம் அனுப்பித் தபாலில் வரவழைத்தவர்களில் லார்ஸும் ஒருவர். வந்த தட்டைக் கேட்டுவிட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1981 கோடையில், பதினேழு வயதில், விமானம் ஏறி லண்டன் போய் வூல்விச் ஓடியனில் அவர்கள் கச்சேரியைப் பார்த்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அறிமுகப்படுத்திக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து தங்களைப் பார்க்க ஒருவன் வந்திருக்கிறான் என்பதையே அவர்களால் நம்ப முடியவில்லை. கிதார் கலைஞர் பிரையன் டாட்லரும் பாடகர் ஷான் ஹாரிஸும் தங்கள் வீடுகளில் அவரைச் சில வாரங்கள் தங்கவைத்தார்கள்.

ரெக்கார்டு வாங்கியதோடு நிற்கிற ரசிகர் ஒரு வகை. அந்த ரெக்கார்டைச் செய்தவர் வீட்டுத் தரையில் படுத்துத் தூங்குகிற ரசிகர் வேறு வகை. பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது, ஒரு ரிஃபுக்குப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) பின் இன்னொன்று எப்படி வந்து விழுகிறது என்பதை எட்டி நின்று கேட்டவர் இப்போது பக்கத்தில் இருந்து பார்த்தார். ஊர் திரும்பிய கையோடு குழு தேடும் வேலையில் இறங்கினார்.

சரி, சேகரிப்பு எப்படிக் குழுவாக மாறியது?

லாஸ் ஏஞ்சலஸின் ‘தி ரீசைக்ளர்’ என்ற வரி விளம்பரப் பத்திரிகையில் 1981-இல் அவர் கொடுத்த விளம்பரமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: சேர்ந்து வாசிக்க மெட்டல் கலைஞர்கள் தேவை என்று போட்டு, டைகர்ஸ் ஆஃப் பான் டாங், டயமண்ட் ஹெட், அயர்ன் மெய்டன் ஆகிய பெயர்களை எழுதியிருந்தார். எவ்வளவு வருட அனுபவம், என்ன வாத்தியம் என்பதைவிட இந்தப் பெயர்கள் தெரிந்த ஆளா என்பதுதான் அவருக்கு முக்கியம். வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட்.

ஹெட்ஃபீல்டுக்கு அதுவரை ஏரோஸ்மித், கிஸ் போன்ற அமெரிக்கப் பெயர்கள் பழக்கம். லார்ஸின் அறையில் சுவர் முழுக்க இருந்த ரெக்கார்டுகளைப் பார்த்து வாய்பிளந்ததையும், அங்கேயே உட்கார்ந்து கேசட்டில் பதிவு செய்துகொண்டதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் ஸ்லேகல் உள்ளூர்க் குழுக்களை வைத்து ‘மெட்டல் மாசக்கர்’ என்ற தொகுப்புத் தட்டு தயாரித்துக்கொண்டிருந்தார். “நான் ஒரு குழு தொடங்கினால் இதில் இடம் கொடுப்பாயா?” என்று லார்ஸ் கேட்டார். கேட்டபோது குழுவே கிடையாது. பதிவு செய்த கேசட் கடைசி நாளில் வந்து சேர்ந்தது, அதைப் பெரிய டேப்புக்கு மாற்ற ஐம்பது டாலர் வேண்டும், யாரிடமும் இல்லை, கோர்னரன்ஸ் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார். 1982-இல் வெளிவந்த அந்தத் தட்டின் முதல் அச்சில் குழுவின் பெயரில் ‘ட்’ ஓசைக்குரிய எழுத்தை இரட்டித்துத் தப்பாக அடித்துவிட்டார்கள். இன்று அந்த அச்சுப்பிழைப் பிரதிக்குத்தான் கிராக்கி.

1982 மார்ச் 14 அன்று அனஹைமில் நடந்த முதல் மேடையில் மெட்டாலிகா வாசித்தவற்றில் சொந்தப் பாட்டு இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் டயமண்ட் ஹெட், பிளிட்ஸ்கிரீக், ஸ்வீட் சாவேஜ், சாவேஜ் ஆகியோரின் பாட்டுகள். யாருடையது என்று மேடையில் அறிவிக்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பிரிட்டிஷ் சிங்கிள்களைக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. எல்லாம் இவர்களுடையது என்றே நினைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் திருட்டுத்தனம்தான். ஆனால் யாரிடமும் இல்லாத ரெக்கார்டு தன்னிடம் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

அந்தப் பழைய குழுக்களுக்கு இதனால் ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது, நன்றாகவே. 1984-இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் டயமண்ட் ஹெட்டின் ‘ஆம் ஐ ஈவில்?’ பாட்டையும் பிளிட்ஸ்கிரீக்கின் ஒரு பாட்டையும் முறைப்படி பெயர் போட்டு வெளியிட்டார்கள். 1987-இல் ஐந்து குழுக்களின் பாட்டுகளோடு ஒரு ஈ.பி. வந்தது. அதன் தலைப்பிலேயே ‘5.98 டாலர் ஈ.பி.’ என்று விலையைச் சேர்த்துவிட்டார்கள், கடைக்காரர் கூட்டி விற்கக் கூடாதென்று. ரெக்கார்டு கடையில் காசை எண்ணிப் பார்த்து நின்ற ஆளுக்குத்தான் இந்த யோசனை தோன்றும். ஆனால் அந்த ஈ.பி. பிறகு அச்சில் இல்லாமல் போய், சேகரிப்பவர்கள் மத்தியில் தலைப்பு விலையைப் போல் பல மடங்குக்குக் கைமாறியது வேறு கதை. 1998-இல் ‘கராஜ் இன்க்.’ தொகுப்பில் எல்லாவற்றையும் சேர்த்து வெளியிட்ட பிறகுதான் அது அடங்கியது.

மெட்டாலிகா கோடிக்கணக்கில் விற்கத் தொடங்கியதும் ராயல்டியும் வந்தது. தன் வாழ்க்கை ஓடுவதற்கு அந்த ராயல்டி உதவியதை டாட்லர் வெளிப்படையாகவே சொல்லிவருகிறார். 1993-இல் மில்டன் கீன்ஸில் மெட்டாலிகாவுக்கு முன்னால் டயமண்ட் ஹெட் மேடையேறியது.

1990-இல் லார்ஸ், ‘சவுண்ட்ஸ்’ பத்திரிகையாளர் ஜெஃப் பார்ட்டனோடு சேர்ந்து அந்த அலையின் பாட்டுகளை இரட்டைத் தட்டாகத் தொகுத்தார். அந்த நேரத்தில் அந்த அலையை உலகம் மறந்தே விட்டிருந்தது. ஒரு டிரம்மர் செய்த ஆவணப்பணி என்று தயங்காமல் சொல்வேன்.

இவ்வளவு ரெக்கார்டு ஆர்வலர் நேப்ஸ்டரை ஏன் எதிர்த்தார்? கேசட் பரிமாறி வளர்ந்த குழுதானே?

இந்தக் கேள்வி அவரை 25 வருடமாகத் துரத்துகிறது. நியாயமான கேள்வியும்கூட.

நேப்ஸ்டர் என்பது பாட்டுக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் பகிர உதவிய சேவை. நடந்தது இது: முழுமையாக முடியாத மெட்டாலிகா பாட்டு ஒன்று நேப்ஸ்டர் வழியாகப் பரவி ரேடியோவில் ஒலிக்கத் தொடங்கியது. 2000 ஏப்ரலில் மெட்டாலிகா வழக்குப் போட்டது. அடுத்த மாதம் தங்கள் பாட்டுகளைப் பகிர்ந்த மூன்று லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைப் பெட்டி பெட்டியாக அச்சிட்டு, நேப்ஸ்டர் அலுவலக வாசலில் லார்ஸே கொண்டுபோய் இறக்கினார். ஜூலையில் அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னார். ரசிகர்களைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது மகா முட்டாள்தனம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 1982-இல் அவர்களுடைய ‘நோ லைஃப் டில் லெதர்’ டெமோ (மாதிரிப் பதிவு) கைக்குக் கை பரவியதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் கேசட்டை வெளியே விட்டவர்கள் அவர்களே. தன் பாட்டு எந்த வடிவத்தில், எப்போது போக வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் வாதம். ரெக்கார்டை ஒரு பொருளாகக் கையில் வைத்து, அட்டை, லேபிள், பின்பக்கப் பாட்டு எல்லாம் சேர்ந்ததுதான் இசை என்று வளர்ந்தவருக்கு, ஒரு பாட்டு வெறும் கோப்பாக மிதப்பது உறுத்தியிருக்கும். இது என் ஊகம். அந்த உறுத்தலைச் சொல்லும் விதம் அவருக்குத் தெரியவில்லை.

ஹெவி மெட்டல் வினைல் தட்டில் உண்மையிலேயே நன்றாகக் கேட்குமா?

நீளத்தைப் பொறுத்தது. தட்டில் ஒலி என்பது ஊசி ஓடும் தடத்தின் நெளிவு. சத்தம் கூடினாலும் பேஸ் கூடினாலும் நெளிவு அகலமாகும், தடத்துக்கு இடம் அதிகம் வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கம் 18 முதல் 22 நிமிடம் வரை வசதியாகத் தாங்கும். அதற்கு மேல் திணித்தால் தடங்களை நெருக்க வேண்டும். ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும்.

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஏறக்குறைய 55 நிமிடம். 1986-இல் அதை ஒரே தட்டில் அடக்கியதால் பக்கத்துக்கு 27 நிமிடம் ஆனது. பழைய பிரதிகள் சற்றுத் தணிந்த குரலில் ஒலிப்பதன் காரணம் இதுதான். உங்கள் ஆம்ப்ளிஃபையரைத் திட்ட வேண்டாம். 1988-இன் ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ 65 நிமிடம் என்பதால் நேர்மையாக இரண்டு தட்டாகவே வந்தது.

இன்னொரு சிக்கல் மையத்தை நெருங்கும்போது வரும். வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 50 சென்டிமீட்டர் தடம் ஓடும். நடுவில் ஒட்டிய லேபிளுக்கு அருகில் அது 20 சென்டிமீட்டர் சுமாருக்குச் சுருங்கிவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் சிம்பலும் டிஸ்டார்ஷன் கிதாரும் நொறுநொறுக்கும். பக்கத்தின் கடைசிப் பாட்டு மெதுவானதாக இருந்தால் தப்பித்தோம். 45 வேகத்தில் இரண்டு தட்டுகளாக வரும் மறு அச்சுகளை வாங்குவதில் அர்த்தம் உண்டு.

‘வினைல் என்றாலே வெதுவெதுப்பான ஒலி’ என்பது மட்டும் மந்திரம் போலச் சொல்லப்படுகிறது. 2008-இன் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பத்தில் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங் கட்டத்திலேயே சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி நசுக்கிவிட்டார்கள். கடைசியாக ஒலியைச் சரிசெய்யும் மாஸ்டரிங் பொறியாளரே தன்னிடம் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொன்னார். மூலம் நசுங்கியிருந்தால் எந்தத் தட்டில் வெட்டினாலும் அது விரியாது.

மெட்டாலிகா ரெக்கார்டு ஆலையையே வாங்கியது உண்மையா?

உண்மை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் உள்ள ஃபர்னஸ் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார்கள். அதற்கு முன்பே 2014 முதல் அந்நிறுவனத்தோடு வேலை செய்துவந்தார்கள்.

காரணம் ஆசை பாதி, அவசியம் பாதி. ஒரு தட்டு உருவாக, முதலில் லாக்கர் பூசிய வட்டில் தடம் வெட்ட வேண்டும். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி, அதிலிருந்து அச்சுத்தகடு எடுத்து, சூடான பி.வி.சி. கட்டியை நடுவில் வைத்து அழுத்துவார்கள். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பானிங்கில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. லாக்கர் வட்டு தயாரிக்க உலகில் மிச்சம் இருந்தது ஜப்பானிய நிறுவனம் ஒன்றுதான். அடுத்தது கொரோனா. தேவையோ ஏறிக்கொண்டே போனது: 2022-இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் விற்றது, சி.டி. 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அப்போதுதான். ஆலைகளில் பல மாதம் வரிசை. ‘72 சீசன்ஸ்’ ஆல்பம் 2023 ஏப்ரலில் வரவிருந்தது. மற்றவர் ஆலையில் காத்து நிற்பதைவிட ஆலையையே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

ரெக்கார்ட் ஸ்டோர் டேவுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

ரெக்கார்டு கடைகளைக் கொண்டாட ஆண்டுதோறும் நடக்கும் நாள் அது. 2016-இல் அதன் தூதுவர்கள் அவர்கள்தான். பெர்க்லியில் உள்ள ராஸ்புட்டின் மியூசிக் கடைக்குள்ளேயே வாசித்தார்கள். பாரிஸ் பட்டக்லான் அரங்கில் 2003-இல் வாசித்த கச்சேரியை அன்று வெளியிட்டு, வருமானத்தை 2015 பாரிஸ் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் நிதிக்குக் கொடுத்தார்கள்.

லார்ஸ் ரெக்கார்டு மட்டும்தான் சேர்த்தாரா?

ஓவியங்களும். அமெரிக்க ஓவியர் பாஸ்கியா வரைந்த ஒரு பெரிய ஓவியத்தை 2002-இல் ஏலத்தில் விற்றபோது 55 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆயிரம் பிரதி அடித்த தட்டைத் தேடி ஓடியவர் ஒரே பிரதி உள்ள பொருளுக்குப் போனது இயல்புதான்.

மெட்டல் உலகில் இப்படி வேறு யாராவது?

ஸ்வீடனின் ஓபெத் குழுவின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட். எழுபதுகளின் புரோக்ரெசிவ் ராக், ஃபோக் ராக் தட்டுகளில் மூழ்கியவர். 2001-இல் வந்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தின் பெயரே எழுபதுகளில் ஒரே ஆல்பம் போட்டுவிட்டு மறைந்த ஜெர்மன் குழு ஒன்றின் பெயர். என் கணிப்பில், சேகரிப்பு நேரடியாக இசையாக மாறிய விஷயத்தில் லார்ஸுக்கு நிகராக வைக்கத் தகுந்தவர் இவர்தான். நார்வேயின் டார்க்த்ரோன் குழுவின் ஃபென்ரிஸையும் விட முடியாது. யாரும் கேட்டிராத குழுக்களை அறிமுகப்படுத்துவதையே ஒரு தொண்டாகச் செய்துவருகிறார்.

மெட்டாலிகா ரெக்கார்டுகளில் மிக அரிதானது எது?

பலர் கையைக் காட்டுவது பச்சை ‘ரைட் தி லைட்னிங்’. அட்டை நீலமாக இருக்க வேண்டும். 1984-இல் பிரான்ஸின் பெர்னெட் ரெக்கார்ட்ஸ் தவறுதலாகப் பச்சையில் அச்சடித்தது, 400 பிரதி. அட்டையின் நிறத்தைத் திரிப்பது எளிது என்பதால் போலிகளும் உலவும்.

நான் இப்போதுதான் தொடங்குகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

முதல் அச்சு மோகம் வேண்டாம். நல்ல மறு அச்சு ஒன்றில் தொடங்குங்கள். பழையது வாங்கினால் அட்டையை நம்பாமல் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் குறித்துக்கொண்டு, எந்த அச்சு என்று ஒப்பிடுங்கள். அட்டை மாறியிருக்கலாம், பொறித்தது மாறாது.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை: தட்டுகளை நெட்டுக்குத்தாக நிற்கவையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கப் போடாதீர்கள். மே மாதம் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் மதியத்துக்குள் நெளிந்துவிடும். மழைக்காலத்தில் காகித உறையில் பூஞ்சை பிடிக்கும். உள்ளுறையைப் பிளாஸ்டிக் வகைக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

டயமண்ட் ஹெட்டின் அசல் வெள்ளை உறைப் பிரதியை வாங்கலாமா?

கையெழுத்து இருக்கிறதா, யாருடையது, விற்பவர் எங்கிருந்து வாங்கினார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். பாட்டு கேட்க மட்டும் என்றால் மறு அச்சே போதும், அதே ரிஃபுகள்தான்.